தெப்பம் மிதக்கணும்னா கால்வாய் ஓடணும்!

தைப்பூசத்துக்கு முதல் நாள், மதுரை நகரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற சிந்தாமணிக்கு மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் வந்து சேர்வார்கள். வருவது கதிரறுக்க. விளைந்த நெற்கதிரை அறுத்து அம்மனுக்குப் படைக்கும் இந்தச் சடங்குக்குக் கதிரறுப்புத் திருவிழா என்றே பெயர். ஒரு காலத்தில் சிந்தாமணியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். இப்போது வீடும் கடையும் ஏறிவிட்டன. ஆனாலும் கதிரறுப்பு நிற்கவில்லை.

மறுநாள் பூசத்தன்று, அறுவடை முடித்த சாமிகள் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் ஏறுவார்கள். காலையில் இரண்டு சுற்று, இரவில் மின்விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்று. முதல் நாள் வயல், மறுநாள் தண்ணீர். இந்த வரிசையை யார் போட்டார்களோ, பாசனம் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தெப்பமும் ஒரு வகைப் படகுதான். துடுப்பு கிடையாது, இன்ஜின் கிடையாது. கரையில் நிற்கிற ஆட்கள் வடம் பிடித்து இழுக்க, அது மைய மண்டபத்தைச் சுற்றி வரும். வடம் பிடிக்க அனுப்பானடி உள்ளிட்ட சுற்றுவட்டார மக்கள் திரண்டு வருவார்கள். பத்துப் பேர் இந்த மூலையில் அதிகமாக இழுத்துவிட்டால் தெப்பம் கரையில் மோதும். அந்த மூலையில் தளர்த்திவிட்டால் திரும்பாமல் நிற்கும். ஏர் பூட்டிய மாடு இரண்டும் ஒரே நடை நடப்பதுபோல, நாலு கரையிலும் உள்ளவர்கள் ஒரே நிதானத்தில் இழுத்தாக வேண்டும். அதற்கு முன்பே 'தெப்பம் முட்டுத் தள்ளுதல்' என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். முட்டுகளைத் தள்ளி, தெப்பத்தைத் தயார் செய்கிற நாள் அது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் அடிப்படை ஒன்று உண்டு. குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். அது வைகையிலிருந்து, பனையூர் கால்வாய் வழியாக, தன் ஓட்டத்தில் வர வேண்டும்.

மண் எடுத்த பள்ளம்

மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து கிழக்கே நாலைந்து கிலோமீட்டர். காமராஜர் சாலையில் நேராக வந்தால் குளத்தில் முட்டலாம். 1645-ல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது. நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க இங்கேதான் மண் எடுத்தார்கள், அப்படி எடுக்கும்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். மண் எடுத்த பள்ளத்தை அப்படியே விடாமல், நாலு பக்கமும் கல்படி கட்டி, நடுவில் மண்டபம் எழுப்பி, ஆற்றிலிருந்து வாய்க்காலும் இழுத்திருக்கிறார்கள். இன்றைக்குச் செங்கல் சூளைக்காரர்கள் விட்டுப்போகிற பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அருமை புரியும்.

சுமார் 1,000 அடி நீளம், 950 அடி அகலம். தண்ணீர் இருக்கும் மாதங்களில் படகு சவாரி நடக்கிறது. படியிலிருந்து ஏறினால் மைய மண்டபத்தைச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். கிராமத்திலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பங்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். கிணற்றையும் மடையையும் தவிர வேறு தண்ணீர் பார்க்காத பிள்ளைக்கு, நடுக்குளத்தில் நின்று கோபுரத் திசையைப் பார்ப்பது பெரிய சமாச்சாரம்.

அந்தப் பிள்ளையின் கைவிரல் நனைகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேற்குமலைக்கு அந்தப்பக்கம் பெரியாறு அணை. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்தது. அணை கட்டும்போது சுண்ணாம்பும் சாமான்களும் கூடலூர் பக்கமிருந்து கம்பிவடத்தில் மலையேறி, கடைசித் தூரம் ஆற்றில் படகில்தான் போயின. இன்றைக்குத் தேக்கடியில் சுற்றுலாப் படகு ஓடுவதும் அந்த நீரில்தான். அதே தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, சுருளியாறு, முல்லையாறு என்று சேர்ந்து, வைகை அணையில் நின்று, பேரணையில் பிரிந்து வருகிறது. அங்கே படகைச் சுமந்த நீர் இங்கே நெல்லுக்குப் பாய்கிறது. அதில் ஒரு சிறு பங்கு தெப்பக்குளத்தில் மறுபடி படகைச் சுமக்கிறது.

நிலைத் தெப்பம் கண்ட ஆண்டுகள்

சிறு பங்கு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். குளத்தில் 10 அடி தண்ணீர் நின்றால், மண்டபத் திட்டு, படிச்சரிவு எல்லாம் கழித்து, தோராயமாக 70 லட்சத்திலிருந்து 90 லட்சம் கன அடி. ஆற்றில் விநாடிக்கு 1,000 கன அடி போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 36 லட்சம் கன அடி கடந்துவிடும். ஆக, இரண்டு இரண்டரை மணி நேரம் ஆறு ஓடுகிற தண்ணீர்தான் மொத்தக் குளத்துக்கும். கால்வாயில் விநாடிக்கு 20 கன அடிதான் வருகிறது என்றாலும் ஐந்து நாளில் நிரம்பிவிடும். ஆவியாவதும் மண்ணில் இறங்குவதும் தனி.

இவ்வளவு சொற்பத் தண்ணீர் பல ஆண்டுகள் வந்து சேரவில்லை. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோக, கால்வாயின் தலைவாய் மேலே நின்றுவிட்டது. ஆற்றில் தண்ணீர் போனாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. ஏறியது கொஞ்சமும் நகருக்குள் மண்மேடு, பிளாஸ்டிக், சாக்கடை என்று சிக்கிக்கொண்டது. கட்டாந்தரையான குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மைய மண்டபத்துக்கு நடந்தே போய்வந்தார்கள். தைப்பூசம் வந்தால் தெப்பத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, சாமியை அதில் எழுந்தருளச் செய்து கும்பிட்டார்கள். இதற்கு நிலைத் தெப்பம் என்று பெயர். மிதக்க வேண்டியது தரையில் நின்றால் அதற்கும் ஒரு பெயர் வைத்துப் பழகிக்கொள்கிறோம்.

பழகிக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். வடம் பிடித்த கைக்கு வேலை இல்லாமல் போனதைச் சுற்றுவட்டார மக்கள் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்தர்கள் கேட்டார்கள், வியாபாரிகள் கேட்டார்கள், தெப்பக்குளத்தைச் சுற்றி வீடு கட்டி ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் பார்த்தவர்களும் கேட்டார்கள். ஓபுளா படித்துறை அருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணை எழும்பியது. அணை தண்ணீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்த, பனையூர் கால்வாயையும் தூர்வார, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தண்ணீர் மறுபடி தன் ஓட்டத்தில் குளத்துக்கு வந்தது. தெப்பம் மிதந்தது. பின்னாலேயே படகு சவாரியும் வந்தது. சுற்றுப்பகுதிக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பனையூர் கால்வாய் தெப்பக்குளத்துக்காக மட்டும் இருப்பதில்லை. பெயரே சொல்கிறது, பனையூர் பக்கத்துக் கண்மாய்க்குப் போக வேண்டிய பாசன வாய்க்கால் அது. வைகைப் பூர்வீகப் பாசனத்தைச் சேர்ந்தது. கடைமடை விவசாயி எத்தனை மனுக் கொடுத்தும் அசையாத மண்மேடு, தெப்பம் மிதக்க வேண்டும் என்று நகரமே கேட்டபோது அசைந்தது. மனசு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ஆனால், வாய்க்கால் யார் கேட்டுத் திறந்தது என்று தண்ணீர் பார்ப்பதில்லையே.

படகு நின்ற கால்வாய்

படகு ஓடாமல் போன கால்வாய்க்கு என்ன கதி என்பதைப் பார்க்க, கடற்கரைப் பக்கம் போக வேண்டும். பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து நம்ம மரக்காணம் பக்கம் வரைக்கும் நீர்வழி ஆனது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக மக்கள் வெட்டியதுதான் சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு. விறகு, உப்பு, அரிசி, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் படகில் சென்னைக்கு வந்து இறங்கின.

ரயிலும் லாரியும் வந்து, படகு குறைந்தது. 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள் கரையைச் சேதப்படுத்தின. படகோட்டிகள் வேறு பிழைப்புக்குப் போனபின், கால்வாய்க்காகக் கேட்க ஆள் இல்லை. கழிவுநீர்க் குழாய்கள் அதற்குள் திரும்பின. கடைசியில் சென்னையின் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடியபோது, அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூணை நட்டார்கள். படகு ஓடிக்கொண்டிருந்திருந்தால் நடுவில் தூண் நட யாருக்கும் தோன்றியிருக்காது.

இதற்கு நேர்மாறான கதை இங்கிலாந்தில் நடந்தது. அங்கேயும் இருநூறு வருஷத்துக்கு முன் நிலக்கரி ஏற்றிப் போகக் கால்வாய்கள் வெட்டினார்கள். அங்கேயும் ரயில் வந்து, கால்வாய்கள் பாசி பிடித்தன. பல கால்வாய்களை ரயில் கம்பெனிகளே விலைக்கு வாங்கி, கவனிக்காமல் போட்டுவைத்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், படகில் குடியிருந்த டாம் ரோல்ட், எழுத்தாளர் ராபர்ட் ஏக்மேன் உள்ளிட்ட சிலர் உள்நாட்டு நீர்வழிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

1947-ல் அவர்கள் செய்த வேலை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில் பர்மிங்காம் பக்கத்தில் படகு வந்தால் தூக்கிவிடுகிற பாலம் ஒன்று இருந்தது. அதைத் தூக்க முடியாதபடி கெட்டிப்படுத்திவிட்டார்கள். ஆனால், அந்தக் கால்வாயில் படகு போகும் உரிமையைச் சட்டம் எடுத்துவிடவில்லை. ரோல்ட் தன் 'கிரெஸ்ஸி' படகை எடுத்துக்கொண்டு, இன்ன நாளில் வருகிறேன் என்று முறைப்படி தகவல் கொடுத்துவிட்டுப் போனார். கால்வாய்க்குச் சொந்தக்காரரான ரயில்வே கம்பெனி ஆள் அனுப்பி, ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கி, அந்த ஒரு படகுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. அவரைப் பார்த்து வேறு படகுக்காரர்களும் அதே வழியில் வரத் தகவல் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் தூக்கியாக வேண்டுமே! வண்டிப்பாதையில் நடமாட்டம் நின்றால் பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போடுவார், நடந்துகொண்டே இருந்தால் பாதை பாதையாக நிற்கும். அந்தச் சங்கதிதான்.

அதே கால்வாயின் தென்பகுதி அதற்குள் தூர்ந்து கிடந்தது. அதைத் தன்னார்வலர்கள், ராணுவத்தினர், சிறைக்கைதிகள் என்று பலரும் சேர்ந்து தோண்டிச் சீரமைத்து, 1964-ல் திறந்தார்கள். பின்னாளில் ஊருக்கு ஊர் இருந்த படகுச் சங்கங்கள் சேர்ந்து கூட்டமைப்பாகவும் ஆயின. ஒரு சங்கத்துப் படகு வழியில் பழுதானால் அந்தந்த ஊர்ச் சங்கத்தார் உதவிக்கு வருவார்கள். தங்கள் கரையில் கட்டிக்கொள்ள இடம் கொடுப்பார்கள். கால்வாயில் ஒரு இடம் அடைபட்டால் அது அந்த ஊர்ப் பிரச்னையாக நிற்காமல் எல்லாச் சங்கத்துப் பிரச்னையாகிவிடும்.

அவர்களுக்கும் தண்ணீர்க் கவலை உண்டு. மேடான இடத்தில் படகை ஏற்றி இறக்க இருபுறமும் கதவு வைத்த தொட்டி மாதிரி அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஒருமுறை திறந்து மூடினால் 1 லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மேலே நீர்த்தேக்கம் வற்றினால் படகு நிற்கும். ஆகவே, எதிரே வருகிற படகுக்குக் காத்திருந்து ஒரே தண்ணீரில் ஒன்று ஏற, ஒன்று இறங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நம் முறைப்பாசனம் மாதிரிதான்.

மதகுக்கு மதகு ஒரு சங்கம்

மதுரைச் சமவெளியில் சங்கத்துக்குக் குறைச்சல் இல்லை. 2000-ம் ஆண்டுச் சட்டப்படி பாசன சபைகள் இருக்கின்றன. கண்மாய்தோறும் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் இருக்கிறது. மடை திறக்க நீர்க்கட்டி இருக்கிறார். பெரியாறு பாசனத்தில் மட்டும் இருபோகம் 45,041 ஏக்கர், ஒருபோகம் 1,05,002 ஏக்கர். ஆனால், ஒவ்வொரு சங்கத்தின் பார்வையும் தன் மதகோடு முடிந்துவிடுகிறது. மேலே அடைத்தவர் ஒருவர், கீழே காய்ந்தவர் ஒருவர். நடுவில் நகரம் வந்துவிட்டால் இன்னும் மோசம். கண்மாயை இழந்த நகரத்து ஆயக்கட்டுதாரர் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அதன்பின் அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பதே தெருவில் குடியிருப்பவருக்குத் தெரிவதில்லை.

இந்த இடத்தில்தான் வடம் பிடிக்கிற மக்கள் வருகிறார்கள். பத்திரம் பதிந்த சங்கம் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தாக வேண்டும் என்பது அவர்களுக்கு மான மரியாதை. படகு சவாரி நடத்துகிறவர்களுக்கு அது வருமானம். கோயிலுக்கு அது வழிபாடு. பனையூர் கடைமடைக்காரருக்கு அது நடவு. நாலு பேருக்கும் வேண்டியது ஒரே வாய்க்கால், நாலு பேரும் தனித்தனியாக மனுக் கொடுக்கிறார்கள். தூர்வாரும் நாளில் ஒன்றாக நின்றால், ஆற்றிலிருந்து குளம் வரை மட்டும் வாரிவிட்டு, அதற்குக் கீழே அப்படியே விடுகிற வேலை நடக்காது. இது பனையூர்ப் பக்கத்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம்.

பயமும் இல்லாமல் இல்லை. படகுக்காகத் தண்ணீரைத் தேக்கிவைத்து, பாசனத்துக்கு விடமாட்டார்களோ என்று கண்மாய் விவசாயிகள் நினைப்பது நியாயமானதுதான். தெப்பக்குளத்தில் அந்தச் சிக்கல் குறைவு, அதற்கு ஆயக்கட்டு கிடையாது. வைகைக்கு வடக்கே மாட்டுத்தாவணி பக்கம் இருக்கிற வண்டியூர் கண்மாய் போன்ற இடங்களில் நிலைமை வேறு. சாத்தையாறு வழிக் கண்மாய்களின் மறுகால் வந்து சேர்கிற கண்மாய் அது. அங்கே நடைபாதை, படகு என்று வரும்போது, கலுங்கு உயரம், மடைத் திறப்பு, வண்டல் எடுக்கும் உரிமை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். படகு ஓட எந்த அடி வரை தண்ணீர் நிற்கும், அதற்குமேல் உள்ளது யாருக்கு என்று முதலிலேயே பேசிவைத்தால் பின்னால் வம்பு வராது.

போக நினைப்பவர்களுக்கு

தெப்பம் பார்க்க தைப்பூசம் ஒரு நாள்தான். பௌர்ணமியை ஒட்டி வருவதால் இரவுச் சுற்றுக்கு நிலவும் கூட வரும். கூட்டம் பிடிக்காதவர்கள் முதல் நாள் சிந்தாமணிக்குப் போகலாம், கதிரறுப்பைக் கிட்டே நின்று பார்க்கலாம். திருவிழா நாட்களில் சுந்தரேசுவரர் மீனவராக வந்து வலைவீசிய திருவிளையாடலையும் நடத்திக் காட்டுவார்கள். மதுரையின் எல்லா மையப் பேருந்து நிலையங்களிலிருந்தும் தெப்பக்குளத்துக்கு டவுன் பஸ் உண்டு.

படகில் ஏறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற வேண்டாம். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவுக்குத் தகுந்ததைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போவது எந்தப் படகுக்கும் ஆகாது. குளத்தில்தானே என்று அலட்சியம் கூடாது.

நேரம் இருந்தால் படகோடு திரும்பிவிடாமல், குளக்கரையிலிருந்து ஆற்றுப்பக்கம் வாய்க்கால் வரும் வழியை நடந்து பாருங்கள். சில இடங்களில் நாற்றம் தாங்காது, சில இடங்களில் வாய்க்காலே கண்ணுக்குத் தெரியாது. தலைவாயில் நின்று தடுப்பணையைப் பார்த்தால், படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு ஏற வேண்டியிருக்கிறது என்பது பாசனம் தெரிந்த கண்ணுக்கு ஒரே பார்வையில் பிடிபடும்.

தெப்பம் முடிந்து மாசி, பங்குனி ஆனால் குளத்தில் படி படியாகத் தண்ணீர் இறங்கும். தினமும் காலையில் கரையைச் சுற்றி நடப்பவர்கள், நேற்றைவிட எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிக்கொண்டே போவார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க வைகை அணையைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் பனையூர் கால்வாய்க்குள் திரும்புமா, நேரே விரகனூர் மதகணைக்குப் போய்விடுமா என்பது, அன்றைக்குத் தலைவாயில் மணல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.